பள்ளிப் பிள்ளைகளும் வயிற்றுப் பூச்சியும்: நகரத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் நெருங்கினால் பெற்றோரிடமிருந்து கேள்விகள் குவியும். மாத்திரை போடலாமா என்று தொடங்கி, தண்ணீர், தின்பண்டம், தெருநாய், கழிப்பறை என்று பேச்சு நீளும். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள்.

நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மண்ணையே மிதிக்காத பிள்ளைக்குப் பூச்சி எப்படி வரும்?

மண்ணை மிதிப்பதால் வருவது முக்கியமாகக் கொக்கிப்புழுதான். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அதன் இளம்புழு காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிமென்ட் தரையும் செருப்பும் உள்ள நகரத்தில் அது குறைவு என்பது உண்மை.

உருளைப்புழுவுக்குக் கால் தேவையில்லை, வாய் போதும். நாக்குப்பூச்சி என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். ஒரு பெண் புழு நாளுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை போடும். மலத்தோடு வெளியேறும் முட்டை, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதன் ஓடு பசை போல ஒட்டும் தன்மை உள்ளது. கீரை, பந்து, செருப்பு, நகம் என எதில் வேண்டுமானாலும் ஒட்டி வரும். ஏற்ற ஈரம் இருந்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வேலூர், திருவண்ணாமலை மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டியது. கிராமப் பள்ளிகளில் கொக்கிப்புழு அதிகம், நகரப் பள்ளிகளில் உருளைப்புழு அதிகம். மொத்தத்தில் நூற்றுக்குச் சுமார் 8 பிள்ளைகளுக்குத் தொற்று இருந்தது. ஆனால் பள்ளிக்குப் பள்ளி நிலவரம் வேறு: சில பள்ளிகளில் ஒருவருக்குக்கூட இல்லை, சிலவற்றில் ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. அதனால் "எங்கள் ஏரியாவில் அதெல்லாம் இல்லை" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. உங்கள் பள்ளி எந்தப் பக்கம் என்பது அங்குள்ள கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் பொறுத்தது.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரை எல்லா ஒட்டுண்ணிக்கும் கேட்குமா?

கேட்காது. நகரத்துப் பெற்றோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அல்பெண்டசோல் ஒரு வேளை மாத்திரை உருளைப்புழுவை நூற்றில் 95 பேருக்கு மேல் ஒழித்துவிடும். கொக்கிப்புழுவை ஐந்தில் நான்கு பேருக்கு ஒழிக்கும். சாட்டைப்புழு என்று ஒன்று உண்டு. பெருங்குடலில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். ஒரே மாத்திரையில் அது முழுதாகப் போவது மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு எண்ணிக்கை குறையும், அவ்வளவே.

இவை கண்ணுக்குத் தெரியும் புழுக்கள். கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள் தனி: ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம். நகரத்தில் தண்ணீர் வழியாகப் பரவுபவை பெரும்பாலும் இவைதான். உடலுக்கு வெளியே உயிரோடு இருக்க ஜியார்டியா தன்னைச் சுற்றி ஓடு போல மூடிக்கொள்ளும்; அந்த நிலைக்கு உறை என்று பெயர். பத்து ஜியார்டியா உறைகள் வயிற்றுக்குள் போனாலே தொற்று வரலாம். பள்ளியில் கொடுக்கும் ஒரு மாத்திரை இவற்றுக்குப் போதாது. வாரக்கணக்கில் வயிறு உப்புசம், துர்நாற்றத்தோடு எண்ணெய்ப் பசை போன்ற மலம், எடை ஏறாமை இருந்தால், "பூச்சி மாத்திரைதான் போட்டாச்சே" என்று இருந்துவிடாதீர்கள். ஜியார்டியாவுக்கு வேறு மருந்து; மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்கிறார்களே?

வராது. புழுவின் முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். ஆனால் கழுவாத கையால் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டால் கையில் இருப்பதும் சேர்ந்தே போகும்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். பூச்சிதானே?

அப்படிச் சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி இல்லாத பிள்ளைகளும் பல்லைக் கடிப்பார்கள். முகத்தில் வெள்ளைத் திட்டு இருந்தாலும் உடனே பூச்சி என்பது நம் வழக்கம். அதற்கு வறண்ட தோல் முதற்கொண்டு வேறு காரணங்கள் நிறைய உண்டு.

இரவானால் பின்பக்கம் அரிக்கிறது என்று அழுகிறாள். என்ன செய்வது?

இது கீரிப்பூச்சி, அதாவது நூல்புழுவாக இருக்கலாம். வசதியான வீடு, வசதியில்லாத வீடு என்று பார்க்காமல் வரும் தொற்று இது. மண்ணோ சாக்கடையோ தேவையில்லை. பிள்ளை தூங்கிய பிறகு பெண் புழு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அரிக்கும், பிள்ளை சொறியும், முட்டை நகத்துக்குள் போகும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டை அடுத்தவரைத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பென்சில், வீட்டுப் போர்வை, தம்பியின் பொம்மை என்று பரவும். பொருட்களின் மேல் இரண்டு வாரம்வரைகூடத் தாங்கும்.

பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் துண்டு போல நெளிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் டேப் சோதனை இருக்கிறது. காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குப் போகும் முன், கால் கழுவும் முன், ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாய் ஓரத்தில் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். அதை லேபில் தரும் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிக் கொடுத்தால் முட்டை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்கள். மூன்று நாள் காலையில் எடுத்தால் தப்புவது அரிது. சாதாரண மலப் பரிசோதனையில் இந்தப் புழு பெரும்பாலும் சிக்காது. "மோஷன் டெஸ்ட் நார்மல்" என்று வந்த பிறகும் அரிப்பு தொடர்வது இதனால்தான்.

மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை தேவை. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போடுவது முக்கியம். சின்னக் குழந்தை, கர்ப்பிணி இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். அன்று காலையே குளியல், ஒட்ட வெட்டிய நகம், உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைத்த விரிப்பு. இதெல்லாம் செய்தும் திரும்ப வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். வகுப்பில் நான்கைந்து பேருக்கு இருந்தால் திரும்ப வரத்தான் செய்யும்.

என் பெண் பல்பம் தின்கிறாள், சுவரைச் சுரண்டித் தின்கிறாள். அதனால் பூச்சி வருமா?

பெரும்பாலும் கதை அதற்கு முன்பே தொடங்கியிருக்கும். பல்பம், சாம்பல், பச்சரிசி, மண் என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் பழக்கம். கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிப்பது. ஒரு புழு குடிப்பது துளியிலும் துளி, ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்தால் பிள்ளை வெளிறிப் போகும். ரத்தம் குறைந்த பிள்ளை மண்ணைத் தின்னும், மண்ணிலிருந்து உருளைப்புழு முட்டை உள்ளே போகும். ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது. பல்பம் தின்கிற பிள்ளையை அதட்டுவதைவிட ஹீமோகுளோபின் பார்ப்பது பலன் தரும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். பூச்சி இருந்தால் இரும்பு மாத்திரை மட்டும் போதாது, இரண்டும் வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுகிறார்களே, அப்புறம் என்ன?

குளோரின் காலரா, டைபாய்டு கிருமிகளை நன்றாகக் கொல்லும். ஜியார்டியா உறை அதற்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் அசையவே அசையாது. உருளைப்புழு முட்டைக்கும் வழக்கமாகப் போடும் அளவு குளோரின் ஒரு பொருட்டல்ல.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. குழாயில் தண்ணீர் ஓடும்போது உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். நின்றுபோனால் அழுத்தம் போய்விடும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்துகொண்டிருந்தால், விரிசல் வழியாக அந்தக் கசிவு குடிநீர்க் குழாய்க்குள் நுழையும். அதன் மேல் ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். சென்னையின் பழைய தெருக்களில் அதிகாலையில் அடிபம்பு அடிக்கிறவர்களுக்கு இது தெரியும்: முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக, சில நாள் நாற்றத்தோடு வரும். அதைக் கீழே விட்டுவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் தெளிந்து வரும் தண்ணீரும் கொதிக்க வைக்காமல் குடிக்கத் தக்கதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைத்தொட்டிக்குள் தெருத் தண்ணீர் இறங்கியிருந்தால் தொட்டியைக் கழுவாமல் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இங்கே சொன்ன எல்லாமே செத்துவிடும். கேன் தண்ணீர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. வடிகட்டி உறைகளையும் முட்டைகளையும் தடுக்கும். ஆனால் கொதிக்க வைத்த தண்ணீரைப் பானையில் ஊற்றி, எல்லாரும் விரல் நனைய டம்ளரை முக்கி எடுத்தால் பட்ட பாடு வீண். குழாய் வைத்த பாத்திரமோ நீளக் கைப்பிடி உள்ள கரண்டியோ வையுங்கள்.

பள்ளி வாசலில் விற்பதை வாங்கித் தின்கிறான். நிறுத்த முடியவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. சூடாக எண்ணெயிலிருந்து எடுத்துத் தரும் பஜ்ஜியில் ஒட்டுண்ணி பயம் கிடையாது. கவலை தருபவை சூடு படாதவை: வெட்டி வைத்த மாங்காய்ப் பத்தை, வெள்ளரி, பானிபூரித் தண்ணீர், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத குச்சி ஐஸ். முழு வாழைப்பழம், தோலோடு வேகவைத்த வேர்க்கடலை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுச் சமையலிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீரையை வேகவைத்துவிடுகிறோம், சரி. கொத்தமல்லி, புதினாவைப் பச்சையாகத் தூவுகிறோம், சட்னி அரைக்கிறோம். கட்டோடு குழாயில் காட்டிவிட்டு நறுக்கினால் காம்பிடுக்கு மண் அப்படியே இருக்கும். வேரை வெட்டிவிட்டு, கட்டைப் பிரித்து, அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் அலசிச் சற்று நேரம் விடுங்கள். மண் அடியில் தங்கும். தண்ணீரைச் சாய்த்து ஊற்றாமல், தழையை மேலாக அள்ளி எடுத்து இன்னும் இரண்டு தண்ணீரில் அலசுங்கள். உப்பு, மஞ்சள், வினிகர் போட்டால் முட்டை செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். தேய்த்துக் கழுவி நீக்குவதுதான் வழி.

எந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம்?

பத்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை உள்ள வரிசை வீடுகளிலும், கால்வாய் ஓரக் குடியிருப்புகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, அதன் மலத்தை வாசல் சாக்கடையில் போட்டால் ஆபத்து இன்னும் கூடும். "பச்சைக் குழந்தையின் மலத்தில் ஒன்றுமில்லை" என்கிற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தவழ்ந்து, நடந்து, தரையில் கிடப்பதை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையின் மலத்தில் பெரியவர்கள் மலத்தைவிட முட்டை அதிகம்கூட இருக்கலாம். அதையும் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். அடுத்தது நகம் கடிக்கும், விரல் சூப்பும் பிள்ளைகள். நாய் பூனை மலம் கழிக்கும் மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கு டாக்ஸோகாரா என்ற வேறொரு புழுவும் வரும். வீட்டு நாய்க்குட்டிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் பூச்சி மருந்து கொடுங்கள்.

வறுமை இதில் பெரிய காரணம், மறைக்க ஒன்றுமில்லை. ஒரே வகுப்பில் சேர்ந்து உட்காரும்போது தொற்று வருமானம் கேட்டு வருவதில்லை.

அரசு மாத்திரை பாதுகாப்பானதா? எவ்வளவு கொடுப்பார்கள்?

பாதுகாப்பானது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 இரண்டும் அதற்கான நாட்கள். 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். 1 வயதிலிருந்து 2 வயதுக்குள் அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். 2 வயதுக்கு மேல் முழுசாக 400. மென்று தின்ன வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழுகிற பிள்ளையின் வாயில் திணித்தால் புரையேறும்.

சிலருக்கு அன்று வயிற்றுவலி, குமட்டல், தலைவலி வரலாம்; பூச்சி அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு வருவது கூடுதல். ஓய்வெடுத்தால் சில மணி நேரத்தில் போய்விடும். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். விடுபட்டவர்களுக்குப் பிறகு ஒரு நாள் கொடுப்பார்கள். வலிப்பு வந்த பிள்ளை என்றால் மருத்துவரிடம் கேட்ட பிறகே.

போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது, மறுபடி புழு விழுகிறது. மாத்திரை போலியா?

மாத்திரை அன்று வயிற்றில் இருந்ததைக் கொன்றது. மறுநாள் வாய்க்குள் போகும் முட்டையைத் தடுக்காது. உருளைப்புழு முட்டை உள்ளே போய், இளம்புழு ரத்தம் வழியாக நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, மறுபடி குடலில் வளர இரண்டு மூன்று மாதம் ஆகும். உங்கள் கணக்கும் அதுவே. மாத்திரை போட்ட பிறகும் முட்டை வரும் வழி அடைபடவில்லை என்று பொருள்.

பூச்சி மாத்திரையால் படிப்பு முன்னேறும் என்கிறார்களே?

இதில் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. கென்யாவின் மேற்கில் 1998இல் 75 பள்ளிகளில் தொடங்கிய ஆய்வில், மருந்து கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராத நாட்கள் கால் பங்கு குறைந்தன. அதை நடத்திய இருவரில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். மறுபக்கம், உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் சிறு குழந்தைகளை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வில் இறப்பிலோ எடையிலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. எல்லாருக்கும் சேர்த்துச் சராசரி பார்க்கும்போது பலன் கரைந்துவிடுகிறது. பூச்சி நிறைய உள்ள பிள்ளைக்குப் பலன் நிச்சயம். விலை குறைவு, ஆபத்து குறைவு என்பதால் போடுவதே சரி என்பது என் கருத்து. ஆனால் மாத்திரை கொடுத்தாயிற்று என்று கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மலப் பரிசோதனை ஒரு தடவை போதுமா?

போதாது. ஜியார்டியா தினமும் வெளியே வராது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுத்தால் நம்பலாம். இன்னொன்று: நோய் செய்யும் அமீபாவும் எதுவும் செய்யாத அமீபாவும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும். வயிற்றுத் தொந்தரவே இல்லாத பிள்ளைக்கு "அமீபா உறை" என்று வந்தால் பயந்து மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்; மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருக்கிறது. பூச்சியா?

இருக்கலாம். ஈசினோபில் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. உடலுக்குள் பயணம் செய்யும் புழுக்கள் அதை ஏற்றும். ஆஸ்துமாவும் அலர்ஜியும்கூட ஏற்றும். ஜியார்டியாவும் அமீபாவும் பொதுவாக ஏற்றாது.

நாங்கள் சுத்த சைவம். என் பிள்ளைக்கு வலிப்பு வந்து ஸ்கேனில் மூளையில் நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள். எப்படி?

சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளையில் கட்டி வருவது வேறு வழி: அந்தப் புழு வயிற்றில் உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை, கை வழியாகவோ உணவு வழியாகவோ உங்கள் பிள்ளையின் வாய்க்குப் போயிருக்கிறது. சமைத்துப் பரிமாறுகிறவரின் கையாக இருக்கலாம், கழுவாத காயாக இருக்கலாம். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது இங்கே காப்பாற்றாது. இந்தியாவில் பிள்ளைகளுக்கு வலிப்பு வர இது ஒரு முக்கியக் காரணம்; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும். நீங்களாகப் பூச்சி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கட்டியைச் சுற்றி வீக்கம் கூடி வலிப்பு அதிகமாகலாம்.

மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய் கொடுத்து பேதியாக விடலாமா? வேப்பங்கொழுந்து?

விளக்கெண்ணெய் பேதியாக்கும், குடலைப் பிடித்துக்கொண்டிருக்கும் புழுவைக் கொல்லாது. சின்னக் குழந்தைக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுவது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். வேப்பங்கொழுந்து கொஞ்சம் தின்றால் கேடில்லை, மருந்துக்கு ஈடாகாது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

வயிறு கல்லாகி, பச்சையாக வாந்தியெடுத்து, மலமும் காற்றும் நின்றுபோனால். உருளைப்புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம். மலத்தில் ரத்தம், வலிப்பு, கண் குழிவிழும் அளவுக்குப் பேதி இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

சானிடைசர் பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். போதுமா?

ஆல்கஹால் சானிடைசர் புழு முட்டைகளையும் ஜியார்டியா உறைகளையும் கொல்லாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால் அவை கையை விட்டுப் போகும்.

பள்ளியில் பெற்றோர் என்ன கேட்க முடியும்?

மதிய மணி அடித்ததும் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். நாற்பது பிள்ளைகள், இரண்டு குழாய், ஒன்றில் தண்ணீர் வராது. சோப்பு இருக்காது, தொலைந்துபோகிறது என்று தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் தட்டை நனைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள்.

சோப்பு தொலைவதற்கு மலிவான வழி இருக்கிறது. பங்களாதேஷில் சலவைத்தூள் 30 கிராமை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஊற்றிக் குழாயடியில் கட்டிவைத்துப் பார்த்தார்கள். கை கழுவ அது போதும். வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டினாலும் சரி.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் மூன்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: குழாய்களை எந்தத் தேதிக்குள் சரிசெய்வது, சோப்பை எந்தக் கணக்கில் யார் வாங்குவது, பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு யார் பொறுப்பு. அதற்கடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டி முதலில் அதையே கேளுங்கள்.